தனிமையைச் சுட்டும் ஒரு சீன எழுத்து

சீன மொழியில் தனிமையைக் குறிக்கும் எழுத்துகளுள் 'கூ' என ஒலிப்பதும் ஒன்று. அதன் இடப்பாதி குழந்தையின் வடிவம். வலப்பாதி, பூசணி, சுரை போன்ற கொடிக்காயின் வடிவம். கொடியில் தனித்துத் தொங்கும் காய்போல் குழந்தை தனித்திருக்கிறது என இதற்கு விளக்கம் கூறுவாருளர். செவிக்கினிய இவ்விளக்கத்தை நாம் ஏற்பதற்கில்லை. கி.பி. 100-இல் சூ ஷென் தொகுத்து முடித்த அகராதி, குழந்தை வடிவம் பொருளுக்காகவும், 'குவா' என்னும் காய் வடிவம் ஒலிக்காகவுமே அமைந்தன என்கிறது. அது கூறும் பொருள் தந்தையற்ற பிள்ளை. நாம் 'யத்தீம்' என்கிறோமே, அதுதான்.

மனைவியற்ற முதியவர், கணவரற்ற மூதாட்டி, மக்களற்ற முதியோர், தந்தையற்ற சிறுவர் ஆகிய நால்வரையும் ஒருங்கே எண்ணிய அறிஞர் மென்சியஸ், வென் மன்னரின் நல்லாட்சி இவர்களையே முதற்கண் கவனித்தது என்றார். பண்டைச் சீன மன்னர்களோ பணிவு தோன்றத் தம்மையே இவ்வெழுத்தால் சுட்டிக்கொண்டனர்.

ஆகவே, இவ்வெழுத்தின் வேர் துறவி விரும்பித் தேடும் ஏகாந்தமன்று. ஆதரிப்பாரற்ற பிள்ளையின் நிலையே. அந்நிலை பிறர்மீது ஒரு கடமையைச் சுமத்துகிறது. காயின் அழகில் மயங்குவோர் குழந்தையை மறந்துவிடலாகாது.