கட்டம் போட்ட கூறை

ஸ்காட்லாந்துக் கட்டத் துணியான டார்ட்டனைப் பற்றிப் பேச்செடுத்தால் எல்லோரும் குலப்பெருமையில்தான் ஆரம்பிக்கிறார்கள். எனக்கென்னவோ அதன் கணக்குத்தான் அழகாகப் படுகிறது. பாவில் எந்த வரிசையில் எத்தனை இழை ஓடுகிறதோ, பெரும்பாலும் அதே வரிசைதான் ஊடையிலும். இரண்டு நிறம் கொடுத்தால் கண்ணுக்கு 3 கிடைக்கும். 6 கொடுத்தால் 21. கலவையைச் செய்வது சாயத் தொட்டி அல்ல, தறி.

குலத்துக்கு ஒரு கட்டம் என்பது பெரும்பாலும் பத்தொன்பதாம் நூற்றாண்டுக் கற்பனை. பழஞ்சுவடியைப் பார்த்து எழுதியது என்று 1842-ல் வந்த புத்தகமே போலி. ஆனாலும் 2009 முதல் அங்கே அரசாங்கப் பதிவேடு இருக்கிறது. கதை பொய்யானாலும் இழைக்கணக்கு பத்திரம்.

நம் காவிரிக்கரையில் நிலைமை தலைகீழ். மாயவரத்துக் கூறைநாட்டில் பட்டும் பருத்தியும் கலந்து நெய்த கட்டப் புடவை, முகூர்த்தப் புடவையாக நின்றது. பட்டிழை ஒளியைத் திருப்பித் தரும். பருத்தி வாங்கி வைத்துக்கொள்ளும். ஆகவே நிறத்தால் மட்டுமின்றி மினுக்காலும் கட்டம் விழும். ஒரே கம்பளியில் நெய்யும் டார்ட்டனுக்கு இந்தச் சுகம் கிடையாது.

இன்று மணையில் காஞ்சிபுரம் பட்டு வந்து உட்கார்ந்துகொண்டு, கூறை என்ற பெயரையும் வாங்கிக்கொண்டுவிட்டது. பழந்தமிழில் கூறை என்றால் துணிதானே, யாருக்கும் பாத்தியதை உண்டே என்று வாதிக்கலாம். வாதம் சரிதான். ஆனால் பெயர் மிஞ்சினால் கட்டம் மிஞ்சியதாகாது. பாட்டியின் கூறை பெட்டியில் இருந்தால், ஒரு கட்டத்தின் இழைகளையாவது எண்ணி எழுதிவையுங்கள். நெய்கிறவர் வந்து கேட்கும்போது கொடுக்க அது வேண்டும்.