கசிவா, முடக்கமா? எழில் நிரல்மொழியை முன்வைத்து ஒரு கலைச்சொல் மதிப்பீடு

கணினித் தமிழில் 'நினைவகக் கசிவு' என்னும் தொடர் வேரூன்றிவிட்டது. ஆங்கிலத்தின் நேர்பெயர்ப்பான இத்தொடர், தான் குறிக்கும் நிகழ்வைத் திரித்துக் காட்டுகிறது.

முத்தையா அண்ணாமலை உருவாக்கிய எழில் நிரல்மொழி பைத்தானின் மேல் இயங்குவது. பைத்தானின் வழக்கமான இயக்கச்சூழல், ஒவ்வொரு பொருளையும் சுட்டுவன எத்தனை என எண்ணிவைக்கும். எண்ணிக்கை சுழியானதும் இடத்தை விடுவிக்கும். ஒன்றையொன்று சுட்டிநிற்கும் பொருள்களுக்கு எண்ணிக்கை சுழியாவதில்லை. அவற்றைக் கண்டறிந்து நீக்கும் வசதி 2000இல் வந்த 2.0 பதிப்பில் சேர்ந்தது. அதன் பின்னரும், பயன் முடிந்த பட்டியலொன்றை ஏதேனும் ஒரு பெயர் பற்றிக்கொண்டிருப்பின் அவ்விடம் மீளாது. இங்கு எதுவும் வெளியே கசியவில்லை, உள்ளேயே முடங்குகிறது. நினைவகம் தீர்ந்து நிரல் முறியும் வரியும் பெரும்பாலும் பிழையின் இடமன்று; கடைசியாக இடம் கேட்ட வரி, அவ்வளவே. 'எங்கே ஒழுகுகிறது' எனத் தேடும் மாணவர் அவ்வரியையே மாற்றி மாற்றி எழுதிக்கொண்டிருப்பார். 'எது பற்றியிருக்கிறது' என வினவுபவரே காரணத்தை அணுகுவார்.

எருமப்பட்டியைச் சூழ்ந்த நாமக்கல் மாவட்டப் புன்செய் நிலங்களில் கசிவு இழப்பன்று; கசிவுநீர்க் குட்டை கிணறுகளுக்கு ஊற்றளிப்பது. மாறாக, 'முதல் முடங்கிவிட்டது' என்னும் வணிக வழக்கு இந்நிகழ்வுக்கு அப்படியே பொருந்துகிறது.

சி மொழியில் முகவரியே தொலைவதுண்டு. அப்போதும் இடம் நிரலின் கணக்கிலேயே கிடக்கிறது. எனவே 'நினைவக முடக்கம்' என்பதே ஏற்புடையது. கணினி உறைந்து நிற்பதையும் முடக்கம் என்பர் என்னும் தடை உண்மையானதே. 'நினைவக' என்னும் அடை அதனைப் பெரிதும் நீக்கும்.