ரஸ்ட்டின் பாரோ செக்கர்: பூட்டு சரி, கழற்றுவதில்தான் தாமதம்

புனேயை ஒட்டிய ஆகுர்டியில் பழைய சேத்தக் ஸ்கூட்டரைச் செய்துகொண்டிருந்த பஜாஜ் வளாகத்தில் 2022 ஜூனில் மின்சாரச் சேத்தக்குக்கென்று தனி ஆலை திறந்தார்கள். எஞ்சின் சத்தத்துக்குப் பெயர்போன இந்தப் பக்கத்தில் இப்போது டீக்கடைப் பேச்சில்கூட பேட்டரி வருகிறது. நான் எழுதுவதும் பேட்டரி சமாச்சாரம்தான்: சோதனை மேசையில் வரிசையாக நிற்கும் பேக்குகளிலிருந்து வரும் வோல்டேஜ், வெப்பநிலை அளவுகளை வாங்கிச் சேர்க்கும் நிரல். சி++இல் இருந்த அதை ரஸ்ட்டுக்கு மாற்றி, சில மாதங்களாக அதோடுதான் குடித்தனம்.

ரஸ்ட்டின் வேகம், லினக்ஸ் கர்னலுக்குள் 6.1 பதிப்பிலேயே நுழைந்த பெருமை எல்லாம் உங்களுக்குத் தெரிந்ததுதான். நான் பேச வந்தது பாரோ செக்கரைப் பற்றி, அதாவது தரவை யார் எப்போது கடன் வாங்கலாம் என்று சரிபார்க்கும் கம்பைலர் பகுதியைப் பற்றி.

அதன் சட்டம் ஒரே வரி. ஒரு தரவை எத்தனை பேர் வேண்டுமானாலும் படிக்கலாம். ஒருவர் மாற்றக் கேட்டுவிட்டால், அவர் முடிக்கும்வரை வேறு யாரும் தொடக்கூடாது. ஆலையில் மெஷினைப் பழுதுபார்க்கும் ஃபிட்டர் மெயின் சுவிட்சில் தன் பூட்டை மாட்டிவிட்டுத்தான் உள்ளே கை வைப்பார். அவர் கழற்றாமல் யாரும் மெஷினை ஓட்ட முடியாது. ரஸ்ட் அந்தப் பூட்டை நிரல் ஓடுவதற்கு முன்பே, கம்பைல் ஆகும்போதே மாட்டுகிறது.

இதன் அருமை சி++ பழகியவர்களுக்குச் சட்டென்று புரியும். வெக்டரில் எட்டு பேக்குகள் இருக்கின்றன. மூன்றாவதுக்கு ஒரு பாயின்டர் எடுத்து வைத்திருக்கிறோம். ஒன்பதாவதைச் சேர்க்கும்போது வெக்டர் நிரம்பி, மொத்தமும் வேறு இடத்துக்குக் குடிபெயர்கிறது. பாயின்டர் மட்டும் காலியான பழைய வீட்டைக் காட்டிக்கொண்டு நிற்கும். சி++ வாய் திறக்காது. ரஸ்ட்டில் அந்த நிரல் கம்பைலே ஆகாது. முதல் கடன் எந்த வரி, இடிக்கும் வரி எது, கடன் கடைசியாகப் பயன்படுவது எங்கே என்று மூன்றையும் கோடு போட்டுக் காட்டுகிறது. நான் பார்த்ததில் இவ்வளவு பொறுப்பாகப் பேசும் கம்பைலர் வேறு இல்லை.

இவ்வளவு நல்ல மொழியில் ஒரு குறை இன்னும் இருப்பதுதான் எனக்கு ஆறவில்லை.

பேக்கின் வரிசை எண் சாவி, அதன் பதிவு மதிப்பு என ஒரு ஹேஷ்மேப். எனக்கு வேண்டிய ஃபங்ஷன் இவ்வளவுதான்: வரிசை எண்ணைத் தேடு, கிடைத்தால் அந்தப் பதிவை மாற்றும் ரெஃபரன்ஸைத் திருப்பிக் கொடுத்து வெளியேறு, கிடைக்காவிட்டால் புதுப் பதிவைச் சேர்த்து அதைக் கொடு. யார் படித்தாலும் இதில் தப்பு இல்லை. கிடைக்காத வழியில் கையில் ரெஃபரன்ஸே கிடையாது. ஆனாலும் பிழை எண் 499 வந்து நிற்கிறது: ஏற்கெனவே மாற்றுவதற்குக் கடன் கொடுத்தாயிற்று, இரண்டாவது கடன் கிடையாதாம்.

காரணம் லைஃப்டைமில் இருக்கிறது. திருப்பிக் கொடுக்கும் ரெஃபரன்ஸ் ஃபங்ஷனைத் தாண்டியும் வாழவேண்டும். ஒரு வழியில் அப்படி வாழ்கிறது என்பதற்காக, தேடிய இடத்திலிருந்து கிளம்பும் எல்லா வழிகளிலும் அது உயிரோடு இருப்பதாகச் செக்கர் கணக்குப் போட்டுவிடுகிறது. ஃபிட்டர் உள்ளே போகவே இல்லை. பூட்டு மட்டும் தொங்குகிறது.

மாற்று வழிகள் உண்டு. முதலில் இருக்கிறதா என்று கேட்டு, பிறகு எடுக்கலாம். ஒவ்வொரு அளவுக்கும் இரண்டு தேடல் ஆகும். ஹேஷ்மேப்பின் என்ட்ரி முறையில் ஒரே தேடல்தான், ஆனால் சாவியை அதற்குச் சொந்தமாகவே கொடுக்கவேண்டும். என் சாவி ஸ்ட்ரிங் என்பதால், பதிவு ஏற்கெனவே இருந்தாலும் ஒவ்வொரு முறையும் புது நினைவகம் ஒதுக்கவேண்டியிருக்கிறது. சாவியைக் கடனாக வாங்கிக்கொள்ளும் என்ட்ரிக்கு ஹேஷ்பிரவுன் என்ற வெளி நூலகத்துக்குத்தான் போகவேண்டும். கூடுதல் செலவே இல்லாத பாதுகாப்பு என்று வாக்குக் கொடுத்த மொழி இது. "ஒரு குளோன் போட்டால் முடிந்தது" என்று சொல்பவர்களின் அறிவுரை இங்கே எடுபடாது. மாற்றவேண்டியது நகலை அல்ல, மூலத்தை.

இது புதிதாகக் கண்டுபிடித்த குறையும் அல்ல. கடன் அடைப்புக்குறி மூடும்வரை நீண்டுகொண்டிருந்த காலம் 2018 டிசம்பரில் வந்த 1.31 பதிப்போடு முடியத் தொடங்கியது. அந்தத் திருத்தத்துக்கான முன்மொழிவிலேயே இந்தச் சிக்கல் மூன்றாவதாக எழுதப்பட்டிருந்தது. அதை மட்டும் அப்புறம் பார்க்கலாம் என்று தள்ளிவைத்தார்கள். ரஸ்ட் குழுவின் நிக்கோ மட்சாகிஸ் 2018இலேயே கோடிட்டுக் காட்டிய பொலோனியஸ் என்ற புதிய செக்கர், ஒவ்வொரு வழியிலும் கடனைத் தனித்தனியாகப் பின்தொடர்ந்து இந்த நிரலைச் சரியென்று ஏற்றுக்கொள்ளும். ஆனால் அது நைட்லி என்ற சோதனைப் பதிப்பில் ஒரு சுவிட்சாகத்தான் கிடைக்கிறது. எல்லோருக்குமான பதிப்புக்கு அதைக் கொண்டுவருவதற்குத்தான் முதலிடம் கொடுக்கவேண்டும் என்பேன்.

இதற்காக ரஸ்ட்டை விடமாட்டேன். புதிதாகத் தொடங்கும் எந்தச் சிஸ்டம்ஸ் வேலைக்கும் தயங்காமல் எடுங்கள். ஸ்ட்ரக்ட்டுக்குள் மட்டும் ரெஃபரன்ஸை வைக்காதீர்கள். ஒன்றில் வைத்த லைஃப்டைம் குறி அதைத் தொடும் எல்லா டைப்பிலும் ஏறிவிடும், பதிலாக வெக்டரின் இண்டெக்ஸை வைத்துக்கொள்ளுங்கள். நான் சொன்ன வடிவத்தில் 499 வந்தால், பாதுகாப்புப் பொறுப்பை நம் தலையில் போடும் அன்சேஃபுக்கு ஓடவேண்டாம். இரண்டு முறை தேடுங்கள், எவ்வளவு நேரம் பிடிக்கிறது என்று அளந்து பாருங்கள், உண்மையிலேயே இடித்தால் மட்டும் ஹேஷ்பிரவுனுக்குப் போங்கள்.