தோல் மேடையில், கறி எங்கே?

கிழக்குக் கடற்கரைச் சாலையில் மாமல்லபுரம் தாண்டி, சவுக்குத் தோப்புக்குள் ஒரு விடுதி. சனி, ஞாயிறு இரண்டு நாள் ‘மண்ணின் உணவு, மண்ணின் இசை’ என்று கூட்டம் கூட்டியிருந்தார்கள். சென்னையிலிருந்து காரில் வந்தவர்கள்தான் அதிகம். நண்பர் ஒருவர் தனக்கு வந்த சீட்டை என் கையில் திணித்து, “நீ போய்ப் பாத்துட்டு எழுதுய்யா” என்றார். போனேன். எழுதுகிறேன்.

இறங்கியதும் டீ கொடுத்தார்கள், கொட்டாங்கச்சியில். வழவழவென்று தேய்த்து, எண்ணெய் பூசி, மூங்கில் தட்டில் வைத்து நீட்டினார்கள். எனக்குக் கை போகவில்லை. எங்க ஊர் டீக்கடையில் எங்க தாத்தாவுக்குக் கொட்டாங்கச்சியில்தான் டீ. குடித்துவிட்டு அவரே கழுவிக் கூரையில் செருகிவிட்டு வரணும். எங்கப்பா காலத்தில் அது தனி கிளாஸ் ஆனது. என் காலத்தில்தான் பேப்பர் கப் வந்தது. கழுவ வேண்டிய சண்டையும் போனது. எங்காளுங்க மூன்று தலைமுறையாக மல்லுக்கட்டி ஒழித்த சாமான் இங்கே விருந்தாளிக்கு மரியாதையாக வருகிறது. கொடுத்த பெண்ணுக்கு இந்தக் கதை தெரிய நியாயமில்லை. வாங்கிக் குடித்தேன். டீ நல்ல டீதான்.

கீற்றுக் கூரை, சாணி மெழுகிய தரை, அரிக்கேன் விளக்கு. இதற்கு ஒரு ராத்திரிக்கு வாங்குகிற காசில் எங்க சித்தி வீட்டுக்கு ஓடு மாற்றிவிடலாம். குடிசையை அழகாகப் பார்க்கிறவர்கள், மழைக்கு ராத்திரி முழுக்க ஒழுகிற இடமெல்லாம் சட்டி வைத்து உட்கார்ந்திருந்தவர்கள் கிடையாது. 1968 டிசம்பர் 25 அன்று கீழ்வெண்மணியில் 44 பேரை எரித்ததும் இப்படி ஒரு குடிசைக்குள் வைத்துத்தான். எங்களுக்குக் கீற்று என்றால் நெருப்பு ஞாபகம் வரும். அவர்களுக்குக் காற்று ஞாபகம் வருகிறது.

சாப்பாட்டைக் குறை சொல்ல மாட்டேன். கேழ்வரகுக் கூழ், நெத்திலிக் கருவாட்டுக் குழம்பு, சங்கரா வறுவல், நண்டு ரசம். சமைத்தது பக்கத்துக் குப்பத்து அம்மா ஒருத்தர்; கைப்பக்குவம் அப்படி. ஆனால் ‘மண்ணின் உணவு’ என்று தொங்கவிட்ட பலகையை மேலிருந்து கீழே இரண்டு தடவை படித்தேன். ஆடு இருக்கிறது, கோழி இருக்கிறது, காடை இருக்கிறது. மாடு இல்லை. ஏற்பாட்டாளரிடம் கேட்டேன். சிரித்தார். “எல்லாரும் வர்ற எடம் சார்… கொஞ்சம் சென்சிடிவ்” என்றார்.

இந்த ‘எல்லாரும்’ என்கிற வார்த்தையைத்தான் விமர்சனம் செய்ய வேண்டும். அதற்குள் நாங்கள் இல்லை. 2022 மே மாதம் ஆம்பூரில் பிரியாணித் திருவிழா என்று அறிவித்தபோதும் இதே கதைதான். மாட்டுக்கறி பிரியாணிக்கு இடமில்லை என்றார்கள். எதிர்ப்பு கிளம்பியதும், மழையைக் காரணம் காட்டித் திருவிழாவையே தள்ளிவைத்தார்கள். மாநில ஆதிதிராவிடர் பழங்குடியினர் ஆணையம் ஆட்சியரிடம் விளக்கம் கேட்டது. அரசாங்கம் செய்ததைத்தான் இந்த விடுதி சவுக்குத் தோப்புக்குள் நாகரிகமாகச் செய்கிறது. தீண்டாமையின் வேரை மாட்டுக்கறியில் தேடி 1948இல் ஒரு புத்தகமே எழுதினார் அம்பேத்கர். அந்த வேர் இன்னும் மெனுப் பலகையில் துளிர்க்கிறது.

சாயங்காலம் இசை. விழுப்புரம் பக்கத்திலிருந்து ஐந்து பேர் பறையோடு வந்திருந்தார்கள். அதில் ஒரு பெண். வைக்கோலைக் கொளுத்திப் பறையைக் காய்ச்சினார்கள். சுற்றி நின்று செல்போனில் படம் பிடித்தார்கள். ‘ஆதித்தமிழனின் தொன்மையான இசைக்கருவி’ என்று ஒருவர் முழங்கினார். அதை அடித்த சாதி எது, அடித்ததற்காக என்ன பட்டது என்று ஒரு வார்த்தை இல்லை. அந்தப் பறையில் இழுத்துக் கட்டியிருப்பது மாட்டுத்தோல். தோலுக்குக் கைதட்டு, கறிக்குத் தடை. ஒரே மாடு, மேடையில் பண்பாடாகவும் பந்தியில் தீட்டாகவும் இருக்கிறது.

இசையாகவும் சொல்ல வேண்டும். முதல் அரைமணி நேரம் கிடார்க்காரர் ஒருவர் கூட வாசித்தார். அவர் தன் கணக்கிலிருந்து இம்மியும் நகரவில்லை; பறைதான் ஒடுங்கி அவருக்குப் பின்னால் நடந்தது. கிடாரும் பறையும் சேரக்கூடாது என்று சொல்லவில்லை. 2018 ஜனவரியில் சென்னையில் ‘தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ்’ மேடையேறியபோது கானாவும் பறையும் கிடாரும் சேர்ந்துதான் முழங்கின. அங்கே பறை விருந்தாளி கிடையாது, வீட்டுக்காரன். இங்கே அந்தப் பெண் தனியாக அடித்த பத்து நிமிஷம்தான் இசை. அடி மாறி மாறி ஏறும்போது கடல் சத்தமே காதில் விழவில்லை. அதற்குள் நேரமாகிவிட்டது என்று நிறுத்தச் சொல்லிவிட்டார்கள். சாவடியை வாசிக்கவே வேண்டாம் என்று முன்னாடியே சொல்லியிருந்தார்களாம். சாவை எடுத்துவிட்டால் பறையில் எங்கள் கதை பாதி போய்விடும்.

எங்க பெரியப்பா பறையை எரித்தவர். ‘இனி உங்க சாவுக்கு அடிக்க மாட்டோம்’ என்று சொல்லி, அதற்காக உதையும் வாங்கினார். அதே பறையை விடுதலைக்கான கருவியாக மேடைக்கு ஏற்றியவர்களும் நம்மிடம் உண்டு. 2016இல் மறைந்த கே.ஏ. குணசேகரன் இருந்தார், திண்டுக்கல் சக்தி கலைக்குழுப் பெண்கள் இருக்கிறார்கள். எரித்ததும் சரி, ஏற்றியதும் சரி. இரண்டிலும் முடிவு எடுத்தது நாம். இந்த விடுதியில் முடிவு யார் கையில்?

ராத்திரி மேஜையில் சாப்பிட்டுவிட்டுக் கை கழுவப் போனேன். சமையற்கட்டுக்குப் பின்னால் மணலில் உட்கார்ந்து அந்த ஐந்து பேரும் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். எனக்குச் சுருக்கென்றது. போய் உட்கார்ந்தேன்.

“மேசையில உக்காரச் சொல்லலியா தம்பி?”

“சொல்லல ண்ணா. நாங்களும் கேக்கல.”

நான் எழுதப்போகிறேன் என்றதும் அந்தப் பையன் முகம் மாறிவிட்டது. “ண்ணா, ஊர்ல சாவுக்கு அடிச்சா ராப்பூரா அடிக்கணும். ‘டேய்’ம்பான். காச விட்டெறிவான். இங்க ‘வாங்க’ன்றான், கையில குடுக்கறான். நீ எழுதிக் கெடுத்துடாத.”

எனக்குப் பதில் வரவில்லை. மாதச் சம்பளம் வாங்குகிற நான், சீட்டு வாங்கித் தந்ததால் மேஜையில் உட்கார்ந்து தின்றவன், அவன் பிழைப்பு மீது தீர்ப்பு எழுத வந்திருக்கிறேன். அந்தப் பெண்தான் சொன்னார்: “எழுதட்டும்டா. மோளம் அடிக்கக் கூப்புட்டா பந்திக்கும் கூப்புடச் சொல்லி எழுதட்டும்.” அதனால்தான் விடுதியின் பெயரை நான் எழுதவில்லை. அவர் சொன்னதை எழுதிவிட்டேன்.

சேர்ந்து சாப்பிட்டால் மட்டும் சாதி ஒழிந்துவிடாது என்று அம்பேத்கர் 1936இலேயே சொல்லிவிட்டார். இவர்கள் அந்த முதல் படிக்கே வரவில்லை. அடுத்த முறை கூப்பிடட்டும், கூடுதலாகவே காசு கொடுத்துக் கூப்பிடட்டும். கலைஞர்களின் பெயரை அழைப்பிதழில் போடட்டும். எதை வாசிப்பது என்பதை அவர்களே முடிவு செய்யட்டும். மேஜையில் ஐந்து நாற்காலி கூடுதலாகப் போடட்டும். பலகையில் மாட்டுக்கறியை எழுதட்டும். வேண்டாதவர்கள் தின்ன வேண்டாம்.

அந்தப் பெண் பையிலிருந்து ஒரு டிபன் பாக்ஸை எடுத்தார். வீட்டிலிருந்து கொண்டுவந்த உப்புக்கண்டம், எண்ணெயில் பொரித்தது. எனக்கும் இரண்டு துண்டு வைத்தார். மறுநாள் கிளம்பும்போது ஒரு தாளைக் கொடுத்து, இங்கே சாப்பிட்டதில் எது பிடித்தது என்று எழுதச் சொன்னார்கள். உப்புக்கண்டம் என்று எழுதிக் கொடுத்தேன். வாங்கிப் படித்தவர், “இது நம்ம மெனுவுல இல்லியே சார்” என்றார்.

“ஆமா, இல்ல” என்றேன்.