தோற்றவர் எழுதிய பாதி

1956 அக்டோபர் 17, நியூயார்க். ரோசன்வால்ட் கோப்பைப் போட்டியில் 13 வயது பாபி பிஷர் கறுப்புக் காய்களோடு டொனால்ட் பைர்னுக்கு எதிரே உட்கார்ந்தான். பைர்னுக்கு 26 வயது. 1953இல் அமெரிக்க ஓப்பனை வென்றவர். பையன் ஜெயித்தான். ஹான்ஸ் க்மோக் அதற்கு 'நூற்றாண்டின் ஆட்டம்' என்று பேர் வைத்தார். நூற்றாண்டு முடிய இன்னும் 44 வருஷம் பாக்கி!

பெரும்பாலான வர்ணனைகள் இதைப் பிஷரின் தனிக் கச்சேரியாகத்தான் வாசிக்கின்றன. எனக்கு அங்கேதான் உறுத்துகிறது. ஒரு நேர்காணலில் கேள்விகளை எடுத்துவிட்டுப் பதில்களை மட்டும் அச்சிட்ட மாதிரி.

கேள்விகளைப் பாருங்கள். 11வது நகர்வில், ராஜா இன்னும் நடுவிலேயே நிற்க, ஏற்கெனவே வெளியே வந்த மந்திரியைப் பைர்ன் மறுபடி நகர்த்துகிறார். கறுப்புக் குதிரை பலகையின் ஓரத்துக்குப் பாய்வது அந்தத் தாமதத்துக்கான பதில். 17வது நகர்வில் பிஷர் ராணியையே விட்டுக்கொடுக்கிறான். பைர்ன் அதை எடுக்காமல் எதிரே வந்து நின்ற மந்திரியை வெட்டியிருந்தால், குதிரையால் சீக்கிரமே செக்மேட். அவர் ராணியை எடுத்தார். அதனால்தான் குதிரை முன்னும் பின்னும் தாவிச் செக் வைக்கும் அந்தப் புகழ்பெற்ற பகுதியே நமக்குக் கிடைத்தது. ராணிக்கு ஈடாக ஒரு யானை, இரண்டு மந்திரி, ஒரு சிப்பாய்.

'தோற்றவனுக்கு எதுக்குப் பாராட்டு?' என்று கேட்பீர்கள். அதே போட்டியில் பிஷர் வேறு 10 ஆட்டங்கள் ஆடினான்; 12 பேரில் எட்டாம் இடத்தைப் பகிர்ந்துகொண்டான். அவற்றைப் பற்றி யார் பேசுகிறார்கள்? மேதைமை மட்டுமே காரணம் என்றால் அந்த 10 ஆட்டங்களும் இப்படி ஒளிர்ந்திருக்க வேண்டுமே.

இன்னொன்று. இந்தத் தரத்தில் ஆடுகிறவர்கள் தோல்வி உறுதியானதும் கைகொடுத்து எழுந்துவிடுவார்கள். பைர்ன் 41வது நகர்வு வரை இருந்து, யானை வைத்த செக்மேட்டைப் பலகையிலேயே வாங்கிக்கொண்டார். அப்போது அவருடைய ராணி உயிரோடு, எதிர்க்கோடியில், ஒன்றும் செய்ய முடியாமல் நிற்கிறது. அவர் முன்பே எழுந்திருந்தால் அந்தக் கடைசிக் காட்சி அடிக்குறிப்பில்தான் இருந்திருக்கும்.

சின்னவன் பெரியவரை வீழ்த்திய கதை நம் எல்லாருக்கும் பிடிக்கும், எனக்கும்தான். ஆனால் அந்தக் கதைக்காகப் பெரியவரை வெறும் பொம்மையாக்கினால், பையன் எதை வென்றான் என்பதே தெரியாமல் போகிறது. அடுத்த முறை இந்த ஆட்டத்தைப் போட்டுப் பார்க்கும்போது பலகையைத் திருப்பி வைத்து, வெள்ளைப் பக்கத்திலிருந்து பாருங்கள்.