மோசா ஆர்5 ஸ்டீயரிங்: டயரின் பிடி கையில் தெரிகிறதா?

ஜொகூரின் பாசிர் கூடாங் பந்தயத் தடம் 1986இல் திறக்கப்பட்டது. 1998இல் மலேசிய மோட்டார் சைக்கிள் கிராண்ட் பிரி அங்கேதான் நடந்தது. அப்படியொரு தடம் பக்கத்தில் இருந்தால்கூட, பந்தயக் காரும் டயர் செலவும் நம் பிள்ளைகள் பலருக்குக் கைக்கெட்டாதவை. வீட்டு மேசையில் பொருத்தும் ஸ்டீயரிங் அந்தக் குறையைத் தீர்க்குமா? ஸ்டீயரிங்கும் பெடல்களும் அடங்கிய மோசா ஆர்5 தொகுப்பை ‘அசெட்டோ கோர்சா காம்பெட்டிசியோனே’ விளையாட்டில் ஓட்டிப் பார்த்தேன்.

ஆர்5இல் பல்சக்கரமோ பெல்ட்டோ கிடையாது. மோட்டார் தண்டிலேயே ஸ்டீயரிங் பொருந்துகிறது. உச்ச முறுக்கு விசை 5.5 நியூட்டன் மீட்டர். நிஜப் பந்தயக் காரின் கனம் இதில் இல்லை. ஆனால் நுணுக்கம் இருக்கிறது, அதுதான் முக்கியம்.

காரணம் டயரில் இருக்கிறது. வளைவில் திரும்பும்போது, டயர் தரையைப் பற்றும் விசையின் மையம் சக்கரத்தின் நடுவுக்குச் சற்றுப் பின்னால் விழும். அதனால் சக்கரம் தானாக நேராகப் பார்க்கும். அதையே கை எதிர்ப்பாக உணர்கிறது. பிடி எல்லையை நெருங்கும்போது அந்த இடைவெளி சுருங்கிவிடும். பிடி முழுதாகத் தீருமுன்பே ஸ்டீயரிங் லேசாகும். விளையாட்டின் இயற்பியல் இதை நொடிக்கு நூற்றுக்கணக்கான முறை கணக்கிட்டு மோட்டாருக்கு அனுப்புகிறது. ஸ்பா தடத்தின் பூஓன் வளைவில், மழை நிலையில், முன் சக்கரம் வழுக்கப்போவதைத் திரை காட்டும் முன்பே கை அறிந்துவிட்டது. பல்சக்கர வகை ஸ்டீயரிங்கில் பற்களின் உரசல் இந்த நுணுக்கத்தைப் பெரும்பாலும் மறைத்துவிடும்.

விசையைக் கூட்டினால் நிஜம் கூடும் என்று எண்ண வேண்டாம். விசையைக் கூட்டிக் குறைக்கும் ‘கெய்ன்’ அளவை ஏற்றிக்கொண்டே போனால் மோட்டார் தன் உச்சத்தில் முட்டி நிற்கும். அதற்குமேல் வரும் மாற்றம் எதுவும் கைக்கு வராது. வேக வளைவுகளில் மாற்றம் தெரியும்வரை கெய்னைக் குறையுங்கள். சாலை அதிர்வைச் செயற்கையாகக் கூட்டும் ‘ரோட் எஃபெக்ட்ஸ்’ அளவையும் குறைவாகவே வையுங்கள்.

தொகுப்பின் பலவீனம் பிரேக். பெடல் எவ்வளவு நகர்ந்தது என்பதையே அது அளக்கிறது. கால் கொடுத்த அழுத்தத்தை அல்ல. பந்தயக் காரில் பிரேக்கை ஆள்வது அழுத்தம்தான்.

ஆர்5 கணினிக்கு மட்டுமே உரியது. விளையாட்டுக் கன்சோலில் இயங்காது. கணினி உள்ளவர்கள் தயங்காமல் வாங்கலாம். மிச்சப் பணம் இருந்தால் அதிக விசையுள்ள மோட்டாரைத் தேடாதீர்கள். அழுத்தத்தை அளக்கும் பிரேக்கை வாங்குங்கள்.