உதடும் ஓசையும்: பழைய தொலைக்காட்சி விளம்பரங்கள் பற்றி ஒரு நோக்கு

விளம்பரத்தை இலக்கிய வகைகளுள் ஒன்றாக எந்த இலக்கண நூலாரும் கொண்டாரல்லர். ஆயினும், ஒரு தலைமுறையினரின் மனத்தில் எஞ்சியுள்ள செய்யுட்களைக் கணக்கெடுப்பின், தேர்வுக்காகக் கற்றவற்றிலும் சவர்க்காரத்துக்காகக் கேட்டவையே மிகுதியாகும். இன்று நகைப்போடு நினைவுகூரப்படும் பழைய தொலைக்காட்சி விளம்பரங்களைக் கல்முனை, சாய்ந்தமருது, நிந்தவூர், அக்கரைப்பற்று முதலிய கரையோர முஸ்லிம் ஊர்களிலிருந்து நோக்குமிடத்து, நகைப்பினூடே ஒரு வினாவும் எழுகின்றது. வாங்குமாறு வேண்டிய இவ்விளம்பரங்கள் வாங்குபவரை அறிந்திருந்தனவா என்பதே அது.

இலங்கையில் தொலைக்காட்சி 1979 ஏப்ரல் 13 இல் கொழும்புப் பகுதியில் தொடங்கிற்று. 1982 பெப்ரவரி 15 இல் ஜப்பானிய உதவியுடன் ரூபவாஹினி பிறந்தபோதே அது நாடளாவிய சாதனமாயிற்று. 1977 இல் திறந்த பொருளாதாரம் வந்து, இறக்குமதிப் பண்டங்கள் கடைகளை நிறைத்த பின்னரே இது நிகழ்ந்தமை கவனிக்கத்தக்கது. அதற்கு முந்திய ஆண்டுகளில் பாணுக்காக வரிசையில் நின்ற மக்களுக்கு விளம்பரம் தேவைப்படவில்லை, வரிசையே விளம்பரமாயிருந்தது. பண்டம் மலிந்த பின்னரே அதனை விரும்பக் கற்பிக்கும் ஆசிரியர் ஒருவர் வேண்டியிருந்தார். அவ்வாசிரியர், உயர்ந்த கம்பத்திற் கட்டிய அன்ரனா வழியே கரையோர வீடுகளின் விறாந்தைக்குள் நுழைந்தார்.

அவர் கற்பித்த முதற்பாடம் வெண்மை. சலவைத் தூள் விளம்பரங்களின் கதையமைப்புக் காவிய மரபினும் இறுக்கமானது. பிள்ளை சேற்றில் விழும்; தாய் திகைப்பாள்; அயலவள் ஒருத்தி பொதியொன்றை நீட்டுவாள்; ஈற்றில் இரு சட்டைகள் அருகருகே தொங்க, ஒன்று மற்றொன்றை நாணச் செய்யும். இந்நாடகம் மருதமுனையிலும் பார்க்கப்பட்டது. மருதமுனையோ கைத்தறியாற் பேர்பெற்ற ஊர். சாரனும் சேலையும் நெய்து வாழும் குடும்பத்துக்குத் துணியைப் பற்றிய கவலை வெண்மை குறைவதன்று, சாயம் போவதே. கொல்லன் தெருவில் ஊசி விற்க வந்தவர், அங்கே எத்தகைய ஊசி வேண்டுமென்று கேட்கவும் மறந்தார். கட்டம் போட்ட சாரன் ஒன்றைக் கொடியில் தொங்கவிட அவருக்குத் தோன்றவில்லை.

பால்மா விளம்பரங்கள் நியூசிலாந்தின் புல்வெளியை ஒத்த பசும்பரப்பைக் காட்டின. பசுக்கள் இப்போதுதான் குளித்து வந்தவை போல நின்றன. எருமைத் தயிருக்குப் பெயர்போன மட்டக்களப்பு, அம்பாறைப் பகுதிகளில், சேற்றிற் கழுத்தளவு அமிழ்ந்து கிடக்கும் எருமை அவ்வழகுப் போட்டியிற் சேர்க்கப்படவில்லை. நகைச்சுவை இவ்வளவில் முடியினும் அதன் விளைவு முடியவில்லை. சட்டித் தயிர் உண்ணும் பிரதேசத்துக்குப் பாலின் மேன்மையைக் கடல் கடந்த பசு எடுத்துரைத்தது. நாடு இன்றும் பால்மாவைப் பெருமளவில் இறக்குமதி செய்கின்றது.

முகக்களிம்பு விளம்பரம் இவற்றினும் துணிவு மிக்கது. 1975 இல் இந்தியாவிற் சந்தைக்கு வந்த ஃபெயார் அன்ட் லவ்லி, நிறம் வெளுத்தால் வேலையும் மணமகனும் தாமே வந்தெய்துவர் என்னும் கதையைப் பல்லாண்டுகள் சொன்னது. வெயிலிலும் உப்புக் காற்றிலும் கறுத்த கரையோர முகம், அத்தகைய விளம்பரத்தில் ‘பூசுமுன்’ என்னும் பாதிப் படத்துக்கே உரியதாயிற்று. 2020 இல் அந்நிறுவனமே ‘ஃபெயார்’ என்னும் சொல்லைப் பெயரிலிருந்து நீக்கியது. விளம்பரம் தன் கூற்றைத் தானே திருத்திக்கொண்ட அரிய சந்தர்ப்பங்களுள் இஃது ஒன்று.

எனினும், அவ்விளம்பரங்களின் பெருங்குறை பண்டத்தில் அன்று, மொழியிலேயே உள்ளது. இலங்கை வானொலியின் வர்த்தக சேவை 1950 இல் தொடங்கியது. எஸ். பி. மயில்வாகனன், இராஜேஸ்வரி சண்முகம், பி. எச். அப்துல் ஹமீது, கே. எஸ். ராஜா முதலியோரின் குரல்களுக்குத் தமிழகத்திலும் நேயர்கள் இருந்தனர். வானொலி விளம்பரத்துக்குக் குரலும் சிறிது இசையுமே முதல். ஆகவே அதனைத் தமிழருக்கெனத் தமிழிலேயே ஆக்குதல் எளிதாயிற்று. நாட்டார் கவி மரபிலே தோய்ந்த கரையோரப் பெண்களின் செவிக்கு எதுகையும் மோனையும் அந்நியமல்ல. முகம் காட்டப்படாமையால், கேட்பவர் தம் வீட்டு முகத்தையே அக்குரலுக்குப் பொருத்திக்கொள்ளவும் முடிந்தது.

தொலைக்காட்சியிலோ படப்பிடிப்பே பெருஞ்செலவு. எனவே, ஒரே படத்தின்மேல் சிங்களமும் தமிழும் ஆங்கிலமும் மாற்றி மாற்றிப் பூசப்பட்டன. உதடு மூடிய பின்னும் தமிழ் தொடர்ந்தது. சில வேளை தமிழ் முடிந்த பின்னும் உதடு ஓயவில்லை. சிரிப்பதற்கு இது போதும். ஆனால், பிறமொழி உதட்டின் அளவுக்கு வெட்டித் தைக்கப்பட்ட தமிழில் ஓசைநயம் முதலில் உதிர்ந்தது. வீட்டு வழக்கு அடுத்து உதிர்ந்தது. திரையிற் பிள்ளை ‘அம்மா’ என்றழைத்தது. அதனைப் பார்த்திருந்த பிள்ளையோ தன் தாயை ‘உம்மா’ என்றழைப்பது. வாப்பாவும் ராத்தாவும் அத்திரையிலே தேநீர் அருந்தக் காண்பது அரிதாயிருந்தது. வானொலியில் ஆக்குநராய் இருந்த தமிழ், தொலைக்காட்சியில் இரவற்குரலாயிற்று எனலாம்.

விளம்பரம் வாணிபமேயன்றிப் பண்பாட்டுப் பணியன்று எனச் சிலர் கூறலாம். அக்கூற்றை ஏற்றாலும் குறை நீங்காது. தெருவில் மீன் விற்பவர் கூட, எவ்வீட்டார் சூரை வாங்குவர், எவ்வீட்டார் சிறுமீன் வாங்குவர் என்பதை அறிந்தே கூவுகின்றார். அவ்வறிவின்றியும் அப்பண்டங்கள் இங்கே விற்றன. பார்ப்போர் ‘அம்மா’வை ‘உம்மா’வாகவும், வெள்ளைச் சட்டையைச் சாரனாகவும் தாமே மாற்றிக்கொண்டமையே அதற்குக் காரணம். மொழிபெயர்ப்பின் பெரும்பகுதி ஒலிப்பதிவுக் கூடத்திலன்றி விறாந்தையிலேயே நடைபெற்றது. அதற்கு எவரும் கூலி கொடுக்கவுமில்லை.

பழைய விளம்பரங்களை வெறும் இனிய நினைவாகப் போற்றுவோரும், வணிகக் குப்பையென ஒதுக்குவோரும் இவ்வுண்மையைத் தவற விடுகின்றனர். எழுதப்பட்ட தமிழை ஆராயும் மாணவர், விற்கப் பயன்பட்ட தமிழையும் ஆராய்தல் வேண்டும். அவ்விளம்பரங்களைச் செவிவழி அறிந்தோர் நம்மிடையே வாழும் இக்காலத்திலேயே அவற்றைத் தொகுத்தல் சாலச் சிறந்தது.